திருப்புறத்து முற்றத்தில் தம்புரானும் கறுத்தம்மாவும்

கூட்டின் கதவைத் திறப்பதற்கு முன்பே உள்ளே தள்ளுமுள்ளு தொடங்கிவிட்டது. "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. புது ஆளைப் பாத்தா கறுத்தம்மா இறங்க மாட்டா. அவ இறங்கலேன்னா மத்தவளுவளும் இறங்க மாட்டாளுவ" என்றார் அந்த வீட்டு மருமகள். நான் பலா மரத்தடிக்கு நகர்ந்துகொண்டேன். அவர் கொண்டியை நீக்கினார். ஒரு கறுத்த கழுத்து வெளியே நீண்டது. முற்றத்தை இடமும் வலமுமாகப் பார்த்தது. பலாவடியில் நின்ற என்னைக் கொஞ்ச நேரம் ஒற்றைக் கண்ணால் அளந்தது. பிறகு சாய்வுப் பலகையில் கால் வைத்து, அவசரமே இல்லாமல் இறங்கி வந்தது. அது மண்ணைத் தொட்ட பிறகுதான் மற்றவை ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

திருப்புறம், நெய்யாற்றின்கரை வட்டத்தில் பூவாருக்கும் காஞ்ஞிரங்குளத்துக்கும் பக்கத்திலுள்ள ஊர். தேசிய நெடுஞ்சாலைக்குப் போனால் பாறசாலை. அதைத் தாண்டினால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு வட்டம் அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை வட்டம் இந்தப் பக்கமுமாக நின்றன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அதற்குப் பிறகும் நின்றுபோகவில்லை. இந்த வீட்டுப் பாட்டி குழித்துறைப் பக்கம் பிறந்து இங்கே வாழ வந்தவர். பேரப்பிள்ளைகள் இருவரும் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். பாட்டியோடும் கோழிகளோடும் பேசுவது தமிழில்.

பின்முற்றம் பெரிதில்லை. நாலைந்து தென்னை, ஒரு பலா, கிணற்றடியில் வாழைக்கூட்டம், வேலியோரம் ஒரு வரிசை மரச்சீனி (மரவள்ளி). பழைய மாட்டுத் தொழுத்தின் சுவரை ஒட்டிக் கோழிக்கூடு. தரையிலிருந்து இடுப்பளவு உயரத்தில் கால்கள் வைத்து, பக்கங்களில் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். உள்ளே குறுக்காக இரண்டு கம்புகள். மூலையில் உமி பரப்பிய ஓலைக் கடவம் ஒன்று. முட்டையிடும் இடம் அது. மரப்பட்டியும் கீரியும் பாம்பும் வரும் ஊர் என்பதால் கூட்டின் கால்களில் தகரம் சுற்றியிருக்கிறது.

ஏழு பெட்டைகள், ஒரு பெரிய சேவல், கூவப் பழகும் ஓர் இளஞ்சேவல். இவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் பெயர் உண்டு. முதலில் இறங்கியவள் கறுத்தம்மா. 'செம்மீன்' படம் 1965-ல் வந்தபோது சின்னப் பெண்ணாகக் கொட்டகையில் அதைப் பார்த்த பாட்டி வைத்த பெயர். பெரிய சேவலுக்குத் தம்புரான். இளையவன் குட்டன். சாம்பல் புள்ளிக்காரி மைனி. வெள்ளையும் பழுப்புமாக, எல்லாரையும் விடச் சிறியவள் சீனி. கள்ளி என்று ஒருத்தி இருக்கிறாள், பெயர்க் காரணம் பிறகு. மீதி மூன்றும் அக்காதங்கைகள், ஒரே ஈட்டுக் குஞ்சுகள். பிள்ளைகள் அவற்றைத் தனித்தனியாகப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். எனக்கு மாலைவரை அடையாளம் பிடிபடவில்லை.

மருமகள் ஒரு கிண்ணம் குருணையைத் தவிட்டில் பிசைந்து கொண்டுவந்து மூன்று இடங்களில் வைத்தார். ஒரே இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கறுத்தம்மா தின்னு முடிச்சாத்தான் மத்தவளுவளுக்கு. சீனிக்கு ஒண்ணும் கெடைக்காது" என்றார். மூன்று இடத்தில் வைத்தும் அதைத்தான் பார்த்தேன். கறுத்தம்மா ஒரு குவியலிலிருந்து அடுத்த குவியலுக்கு நடந்தாள். அவள் வந்ததும் அங்கே நின்றவை தாமாகவே வழிவிட்டன. ஒரே ஒருமுறை புள்ளிக்கார மைனி நகரத் தாமதித்தாள். உச்சந்தலையில் ஒரு கொத்து. அத்தோடு முடிந்தது.

இந்த முறையை உலகுக்கு எழுதிக் காட்டியவர் நார்வே நாட்டுக்காரர், தோர்லீஃப் ஷெல்டெரப்-எப்பே. சிறுவயதிலேயே வீட்டுக் கோழிகளின் பின்னால் சுற்றி, எது எதைக் கொத்துகிறது, எது யாருக்கு வழிவிடுகிறது என்று குறிப்பெடுத்து வந்தவர். வளர்ந்த பிறகு அதையே ஆய்வாக்கி, 1922-ல் வெளியிட்டார். அலுவலகம் முதல் அரசியல்வரை யாருக்கு யார் மேல் என்று பேசும்போது இன்று உலகமே பயன்படுத்தும் 'கொத்து வரிசை' என்ற கருத்து அந்தப் பையன் பார்த்த கோழிகளிடமிருந்து வந்தது. அவர் இன்னொன்றையும் கண்டார். வரிசை எப்போதும் நேர்கோட்டில் இருப்பதில்லை. முதலாவது இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், அந்த மூன்றாவது சில வேளை முதலாவதையே கொத்தும்.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது ஏழாம் வகுப்புப் படிக்கும் பேத்தி குறுக்கிட்டாள். "இங்கேயும் இருக்கு மாமா. கள்ளி மைனிக்குப் பயப்படுவா. மைனி கறுத்தம்மாவுக்குப் பயப்படுவா. ஆனா கறுத்தம்மா கள்ளிகிட்ட வர மாட்டா." ஏன் என்று கேட்டால் அவளிடம் ஒரு விளக்கமும் இருக்கிறது. கறுத்தம்மா ஒருமுறை நோயில் விழுந்து கிடந்தாளாம். அந்த நாட்களில் கள்ளி அவளைக் கொத்தி விரட்டிப் பழகிவிட்டாள். கறுத்தம்மா எழுந்து தன் இடத்தைத் திரும்பப் பிடித்த பிறகும் கள்ளியிடம் மட்டும் அந்தப் பழைய அச்சம் போகவில்லை. ஒரு கோழி இன்னொரு கோழியை முகம் பார்த்து அறிகிறது. நடந்ததை நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறது. புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதை இந்தப் பெண் வேலிப்பக்கம் நின்றே கண்டுகொண்டாள் என்பதில் எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

தம்புரானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செம்பு நிறக் கழுத்து, பச்சை மினுங்கும் கறுத்த வால், மஞ்சள் கால். நடையில் ஒரு நிதானம். தீனிக் கிண்ணம் வந்தபோது அவன் தின்னவில்லை. ஒரு குருணையை அலகால் எடுத்தான், கீழே போட்டான், மறுபடி எடுத்தான், தாழ்ந்த குரலில் விடாமல் கொக் கொக் என்றான். பெட்டைகள் ஓடி வந்து அவன் காலடியில் கிடந்ததைத் தின்றன. அவை குனிந்து தின்னும்போது அவன் தலை நிமிர்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில்தான் அவன் சாப்பாடு. "இவன் வந்த பெறகு பெட்டைகளுக்கு மேனி வச்சுட்டு. முன்னால இருந்தவன் அப்படியில்ல, தான் தின்னு முடிச்சுட்டுத்தான் மத்தது" என்றார் பாட்டி.

சேவல்களின் இந்தக் குரலைப் பீட்டர் மார்லர் என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 1980-களில் ஆராய்ந்தார்கள். பக்கத்தில் பெட்டை இருந்தால் சேவல் அதிகம் அழைக்கிறது. தனியாக இருந்தால் பெரும்பாலும் பேசாமல் தின்கிறது. சில சேவல்கள் தின்ன ஒன்றும் இல்லாதபோதும் அழைக்கின்றன, அதுவும் பெட்டை தூரத்தில் இருக்கும்போது. அந்தப் பொய்யைக் குட்டன் இப்போதே கற்றுக்கொண்டான். கிணற்றடியில் ஒரு உலர்ந்த வாழைநாரைத் தூக்கித் தூக்கிப் போட்டுச் சீனியைக் கூப்பிட்டான். சீனி பாதி தூரம் வந்தாள், பார்த்தாள், திரும்பிவிட்டாள். அவள் ஏமாறுவது குறைந்துவிட்டது என்று பேரன் சொன்னான். அடிக்கடி பொய் சொல்லும் சேவலின் அழைப்புக்கு மதிப்பு குறையும்.

ஒன்பது மணி இருக்கும். பூவார்ப் பொழிமுகப் பக்கமிருந்து ஒரு பருந்து தென்னை உயரத்தில் வட்டமடித்து வந்தது. நான் அதைப் பார்ப்பதற்கு முன்பே தம்புரான் மெல்லிய, நீண்ட, விசில் மாதிரியான ஓர் ஒலி எழுப்பினான். முற்றத்தில் இருந்த ஏழும் அந்தந்த இடத்திலேயே மறைந்தன. மரச்சீனிக்கடியில் இரண்டு, தொழுத்துக்குள் மூன்று, வாழைத் தூரில் ஒன்று. சீனி ஓடிவந்து பேரனின் கால்களுக்கிடையில் பதுங்கினாள். பருந்து போன பிறகும் சற்று நேரம் யாரும் அசையவில்லை. தம்புரான் சாதாரணக் குரலில் பேசத் தொடங்கியதும் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தாள்.

பிறகு ஒரு தெருநாய் வேலியோரம் வந்தபோது அவன் எழுப்பிய குரல் வேறு. அது உரத்த, வெட்டி வெட்டி வரும் கெக்கெக்கெக். அதைக் கேட்ட பெட்டைகள் பதுங்கவில்லை. கழுத்தை நீட்டி நிமிர்ந்து நின்று நாய் எங்கே என்று தேடின. மேலிருந்து வரும் பகைக்கு ஒரு குரல், தரையில் வரும் பகைக்கு இன்னொன்று. கிறிஸ்டோபர் எவன்ஸும் மார்லரும் 1990-களில் திரையில் பருந்துப் படமும் விலங்குப் படமும் காட்டிச் சோதித்து இதை உறுதிசெய்தார்கள். கோழிகளின் குரல்களைப் பட்டியலிட்டவர்கள் சுமார் 24 வகை சொல்கிறார்கள். இந்த வீட்டுப் பாட்டி அதில் பத்துப் பன்னிரண்டையாவது சமையலறைக்குள் இருந்தபடியே பிரித்தறிகிறார். நான் இருந்தபோதே, "பாம்பு இல்ல, ஓணானைப் பாத்துட்டு சத்தம் போடுவு" என்று உள்ளிருந்து ஒருமுறை சொன்னார். போய்ப் பார்த்தோம். ஓணான்தான்.

குட்டன் கூவும் விஷயமும் இதே முற்றத்து நியாயப்படிதான். அதிகாலையில் முதல் கூவல் தம்புரானுடையது. அவன் கூவி முடிக்கும்வரை குட்டன் வாய் திறப்பதில்லை. ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் யோஷிமுராவும் ஷிம்முராவும் 2013-ல், சேவல் வெளிச்சத்தைப் பார்த்து மட்டும் கூவுவதில்லை, தன் உடலுக்குள் ஓடும் காலக்கணக்கை வைத்தே விடியலுக்கு முன் கூவுகிறது என்று காட்டினார்கள். 2015-ல் அவர்கள் சொன்னது இன்னும் சுவையானது. ஒன்றாக இருக்கும் சேவல்களில் மேல்நிலையில் உள்ளதே முதலில் கூவும். மற்றவை வரிசைப்படி காத்திருக்கும். அந்தப் பெரியதை எடுத்துவிட்டால் அடுத்தது முதலாவதாகும். ஒருமுறை தம்புரானைக் கால்காயத்துக்காக வீட்டுக்குள் தனியே வைத்திருந்த இரண்டு விடியல்களில் குட்டன் தானே முதலாகக் கூவினானாம். தம்புரான் திரும்பி வந்த அன்று அவன் மறுபடி இரண்டாமிடத்துக்குப் போய்விட்டான். மருமகள் அதைச் சொல்லும்போது அவர் குரலில் இளையவன் மேல் ஓர் இரக்கம் இருந்தது.

தம்புரானின் மஞ்சள் காலைப் பார்த்தபோது எனக்கு மலை நினைவுக்கு வந்தது. வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்காசியக் காடுகளின் செந்நிறக் காட்டுக்கோழி. ஆனால் அதன் தோலில் இந்த மஞ்சள் இல்லை. மஞ்சள் தோலைத் தரும் மரபணு நம் தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்து வந்தது என்று சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் கண்டறிந்தார்கள். அந்தச் சாம்பல் காட்டுக்கோழி இன்றும் அகத்தியமலைக் காட்டிலும் நெய்யாறு சரணாலயத்திலும் திரிகிறது. அதே மலையிலிருந்து இறங்கும் ஆறுதான் இந்த ஊரைத் தொட்டுக்கொண்டு பூவாரில் கடலில் விழுகிறது. உலகெங்கும் பண்ணைகளில் கோடிக்கணக்கில் நிற்கும் மஞ்சள்கால் கோழிகளுக்கெல்லாம் இந்தப் பக்கத்துக் காட்டோடு ஒரு சொந்தம் இருக்கிறது. அதைச் சொன்னதும் பேரன் தம்புரானைத் தூக்கி அதன் காலைத் தடவிப் பார்த்தான்.

பத்தரைக்கு மேல் கூட்டுப் பக்கமிருந்து கேறல் கேட்கத் தொடங்கியது. முட்டையிடப் போகிறவள் கடவத்துக்கும் வாசலுக்குமாக நடந்து முனகுவாள். இட்டு முடித்தவள் வெளியே வந்து ஊர் கேட்கக் கொக்கரிப்பாள். கடவத்தில் ஒரு மரமுட்டை வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே முட்டை கிடக்கும் இடத்தில் முட்டையிடுவது கோழிக்குப் பிடிக்கும். ஆறு பேருக்கு அந்த ஏற்பாடு போதும். கள்ளிக்குப் போதாது. அவள் நாளொரு இடம் தேடுவாள். கொதும்பு அடுக்கியிருக்கும் மூலை, தொழுத்தின் பரண், பக்கத்து வீட்டு விறகுப்புரை. போகிற வழியும் நேர்வழி இல்லை. நாங்கள் பின்தொடர்வதைப் பார்த்ததும் நின்று மண்ணைக் கிளறினாள், ஏதோ கொத்தினாள், வாழைக்குப் பின்னால் போனாள், மறுபடி வெளியே வந்தாள். பேரன் பார்வையைத் திருப்பிக்கொண்டு கிணற்றுச் சுவரில் உட்கார்ந்தான். "பாக்காத மாதிரி இருக்கணும் மாமா" என்றான் மெதுவாக. கால் மணி நேரம் ஆனபிறகு, கொதும்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து அவளுடைய கொக்கரிப்பு. போய்ப் பார்த்தால் அங்கே நான்கு முட்டை. அவன் மூன்றை எடுத்தான், ஒன்றை விட்டான். எல்லாவற்றையும் எடுத்தால் நாளை அவள் இடத்தை மாற்றிவிடுவாளாம்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 70 முட்டை இட்டால் பெரிது. பண்ணையின் வெள்ளைக் கோழி 300-ஐத் தாண்டும். இந்த வீட்டில் முட்டைக்கணக்கை வைத்துப் பார்த்தால் தீனிக்காசுதான் வரும். களியக்காவிளை வழியாகத் தமிழ்நாட்டுப் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாக முட்டையும் கறிக்கோழியும் போகிற சாலைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இவர்கள் ஏன் வளர்க்கிறார்கள் என்பதைக் கேட்க வேண்டிய தேவையே எனக்கு வரவில்லை. காலையில் கதவு திறந்ததிலிருந்து இந்த நான்கு பேரும் ஒருவர் மாற்றி ஒருவர் முற்றத்துக்கு வந்து நின்று சிரித்துவிட்டுப் போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகன்கூட விடியோ அழைப்பில் முதலில் கேட்பது "தம்புரானைக் காட்டு" என்றுதான்.

எல்லாம் சிரிப்பில்லை. ஒரு ஈட்டில் பொரிக்கும் குஞ்சுகளில் பாதி சேவலாகும். இத்தனை சேவல் ஒரு முற்றத்தில் நிற்க முடியாது. ஒன்றை ஒன்று கிழித்துவிடும், பெட்டைகளின் முதுகில் இறகு மிஞ்சாது. அதனால் பாட்டி முதலில் பெயர் வைப்பதையே எதிர்த்தார். பெயர் வைத்ததைச் சட்டியில் போட முடியாது என்பது அவர் கட்சி. கடைசியில் வீட்டில் ஓர் ஏற்பாடு வந்தது. மூன்று மாதம்வரை சேவல் குஞ்சுக்குப் பெயர் கிடையாது. நிற்கப்போவது எது என்று முடிவான பிறகுதான் பெயர். மற்றவற்றை வளர்க்கக் கேட்பவர்களுக்குக் கொடுப்பார்கள், சந்தைக்கும் போகும். பெயர் வந்தது எதையும் இந்த வீட்டில் அறுப்பதில்லை. முட்டை நின்றுபோன கிழவியானாலும் தீனி உண்டு. இது நேர்மையான ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. கோழிக்கறி தின்கிற குடும்பம் தன் மனச்சாட்சியோடு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு அது. அந்தப் பேச்சில் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

நண்பகலில் தொழுத்துக்குள் கூட்டிப்போனார்கள். அங்கே இருட்டு மூலையில், மண் நிரப்பிய பழைய வட்டையில், பாட்டியின் பெருமை உட்கார்ந்திருந்தது. காலையில் நான் எண்ணிய ஏழில் சேராத எட்டாவது பெட்டை. கழுத்தில் இறகில்லாத இனம். அடையில் இருக்கிறாள். அடியில் பதினொரு முட்டை. ஒற்றைப்படையில் வைப்பது பாட்டியின் வழக்கம். வட்டையில் ஓர் இரும்பாணி, ஒரு கரித்துண்டு, இரண்டு வற்றல் மிளகாய். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) இடியில் முட்டை கூமுட்டையாகிவிடாமல் இருக்க அது. இரும்பாணி இடியை என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆணி பாட்டியின் அம்மை குழித்துறையில் இருந்து கொடுத்தனுப்பியது.

நான் குனிந்ததும் அவள் இறகைச் சிலிர்த்து இருமடங்கானாள். தொண்டைக்குள்ளிருந்து ஓர் உறுமல். பாட்டி கையை நீட்டினார், உறுமல் நின்றது. கையை அவள் வயிற்றுக்கடியில் நுழைத்து ஒரு முட்டையை எடுத்து என் காதருகே வைத்தார். உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். இருபதாம் நாள். நாளை ஓடு உடையும். பொரிப்பதற்கு ஒருநாள் முன்பிருந்தே குஞ்சுகள் முட்டைக்குள்ளிருந்து குரல் கொடுக்கின்றன. தாய் பதில் சொல்கிறாள். நான் கேட்டதும் அதைத்தான்: கீச் என்றதற்கு, வட்டையிலிருந்து மிகத் தாழ்ந்த ஒரு குளுக். காலையில் நான் கேட்ட அத்தனை குரல்களிலும் இது சேரவில்லை. இதுவரை யாரிடமும் பேசாத குரலில் அவள் முட்டையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

21 நாளும் அவள் ஒரு நாளில் ஒரே ஒருமுறைதான் எழுவாள். தண்ணீர், கொஞ்சம் நெல், ஒரு புழுதிக்குளியல், உடனே திரும்பிவிடுவாள். முட்டைகளை அலகால் உருட்டி உருட்டித் திருப்புவாள். நடுவில் இருந்தது ஓரத்துக்கும் ஓரத்தில் இருந்தது நடுவுக்கும் போகும். நெஞ்சின் இறகு கழன்று வெறுந்தோலின் சூடு முட்டைமேல் நேராகப் படும். உடம்பு இளைத்துப்போகும். "எலும்பும் தோலுமா எழும்புவா. குஞ்சு வந்த பெறகும் முதல்ல தின்ன மாட்டா மக்களே. எடுத்து எடுத்துப் போடுவா" என்றார் பாட்டி. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஜோவன் எட்கரும் உடனிருந்தவர்களும் 2011-ல் ஒரு சோதனை செய்தார்கள். தாயின் கண்முன்னே குஞ்சுகளின் மேல் காற்றை ஊதித் தொந்தரவு செய்தபோது, தனக்கொன்றும் நேராத தாயின் இதயத்துடிப்பு ஏறியது, குஞ்சுகளை அழைக்கும் குரல் கூடியது. பாட்டியிடம் சொன்னேன். "இதுக்கு சோதனை வேற செய்தாங்களா" என்று ஆச்சரியப்பட்டார்.

அடை வேண்டாத காலத்தில் கோழி அடையில் உட்கார்ந்தால் மூக்குத் துளையில் இறகு குத்தி விடுவதும் தண்ணீரில் முக்குவதும் நம் ஊர்களில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். இந்த வீட்டில் அடிப்பக்கம் கம்பி வலையான ஒரு சிறு கூட்டில் தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுகிறார்கள். வயிற்றில் காற்றுப் பட்டு அடை தானாகத் தெளிந்துவிடுகிறது. வலியும் இல்லை, நோவும் இல்லை.

வெயில் ஏறியதும் எல்லாம் தென்னைமூட்டுப் புழுதியில் சரிந்து குளித்தன. ஒரு பக்கமாகப் படுத்து, காலால் மண்ணை வாரி இறகுக்குள் இறைத்து, கண்ணை மூடிக் கிடந்தன. பேன் உதிரவும் இறகின் எண்ணெய்ப் பிசுக்கு போகவும் அது வேண்டும். அந்த நேரத்தில் வரிசையெல்லாம் தளர்ந்திருந்தது. கறுத்தம்மாவின் கழுத்தில் சீனியின் கால் கிடந்தது, கறுத்தம்மா கொத்தவில்லை. ஒரு கோழிக்கு எழுதும் தாளளவுகூட இடம் கொடுக்காத முட்டைப்பண்ணைக் கம்பிக்கூடுகளில், புழுதியே இல்லாத இடத்திலும் கோழிகள் வெறுங்கம்பியின் மேல் இதே அசைவுகளைச் செய்து பார்க்கின்றன. இதைப் பார்த்துவிட்டு அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனத்தது.

சீனி மட்டும் குளியல் முடிந்ததும் நேராகப் பேரனிடம் வந்தாள். மண்ணுத்தியில் உருவான கிராமஸ்ரீ இனத்துக் குஞ்சாக வந்தவள். கூட வந்த குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் போக, ஒற்றையாக மிஞ்சியதால் அவன் சட்டைப்பைக்குள்ளேயே வளர்ந்தாள். வேகவைத்த மரச்சீனி என்றால் உயிர். பெயரும் அதிலிருந்து வந்தது. அவன் மடியில் ஏறி, வயிற்றோடு ஒட்டி உட்கார்ந்து, கண் செருகினாள். வீட்டுப்பாடம் எழுதும்போதும் அப்படித்தானாம். மற்றவர்கள் தூக்கினால் இருக்க மாட்டாள். என்னிடமும் இருக்கவில்லை.

அந்த உடன்பிறப்புகள் போனது வெள்ளைக் கழிச்சலில். அன்று தடுப்பு மருந்து கொடுத்திருக்கவில்லை. ஒரு வாரத்தில் முற்றம் ஏறக்குறைய காலியானது. நோயில் விழுந்து மீண்டெழுந்தது கறுத்தம்மா, நோய் தொடாமல் தப்பிய சிலரில் ஒருத்தி வீட்டுக்குள் இருந்த சீனி. பேத்தி அதைச் சொல்லும்போது எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு இவர்கள் விடுவதில்லை. முதல் வாரத்திலேயே கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரம் கழிந்ததும் ஊசி. மருந்துக் குப்பி நூறு கோழி அளவில் வருவதால் அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் ஒரே நாளில் கோழிகளைக் கொண்டுவந்து கூடுகிறார்கள். கரைத்த மருந்தை வைத்திருந்து போட முடியாது என்பதால் அந்தக் காலை ஒரு சின்னத் திருவிழா ஆகிவிடுகிறது. பறவைக்காய்ச்சல் என்றால் இங்கே எல்லாருக்கும் நெஞ்சு பதறும். 2014-லும் 2021-லும் 2024-லும் ஆலப்புழைப் பக்கம் வந்தபோது அங்கே நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள வீட்டுக் கோழிகளையும் வாத்துகளையும் சேர்த்து அழித்தார்கள். அந்தச் செய்தி வந்த நாட்களில் பாட்டி கூட்டைத் திறக்கவே இல்லையாம்.

மாலை ஆறு மணிக்கு யாரும் கூப்பிடாமலே எல்லாம் பலகை ஏறின. கம்பில் இடம் பிடிப்பதிலும் கறுத்தம்மாவுக்கே முதலிடம், சுவரோரம். தம்புரான் கடைசியாக ஏறினான். மருமகள் தலை எண்ணி, கொண்டியைப் போட்டு, மேலே பூட்டும் போட்டார்.

கோழி வளர்க்க எண்ணுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இருபதில் தொடங்காதீர்கள், நான்கு போதும். தனியாக ஒன்றை மட்டும் வளர்க்க வேண்டாம், அது ஏங்கிப்போகும். புதிய குஞ்சைப் பழைய கூட்டத்தோடு அன்றே விட்டால் மற்றவை கொத்திக் கொன்றுவிடக்கூடும். சில நாள் வலைக்கு இந்தப் பக்கம் வைத்துப் பழக்குங்கள். தெர்மகோல் துண்டுகளை முற்றத்தில் போடாதீர்கள், கோழி அதை விரும்பித் தின்னும். கூட்டுக்கு முன் பூட்டுக்குச் செலவு செய்யுங்கள். பக்கத்து அரசுக் கால்நடை மருத்துவமனையில் கழிச்சல் தடுப்பு மருந்து எந்த நாளில் போடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே குஞ்சு வாங்குங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு கோழி ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழும். முட்டை குறையத் தொடங்குவது இரண்டு, மூன்று ஆண்டில். மீதி ஆண்டுகளுக்கும் தீனி போட மனமிருக்கிறதா என்பதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள்.